நியூயார்க்கில் ஒரு செமஸ்டர்: ஓவிய மாணவி ஒருவரின் கேள்விக்கு

வாசகர் கடிதம்: நான் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் ஓவியத்தை முதன்மைப் பாடமாக எடுத்து இரண்டாம் ஆண்டு படித்துவருகிறேன். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவள். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை நியூயார்க்கில் கழிக்க எங்கள் கல்லூரி அனுமதிக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஓவியர் ஒருவரின் ஸ்டூடியோவிலோ கலைக்கூடத்திலோ இன்டர்ன்ஷிப், ஒரு மாலை வகுப்பு, மீதி நேரத்தில் சொந்த வேலை என்பது ஏற்பாடு. எனக்கு ஓவியம் கற்பிக்கும் பேராசிரியர், "அங்கே உனக்கென்று ஸ்டூடியோ இராது, கை நின்றுபோகும்" என்கிறார். அப்பாவோ, "எல்லாப் படமும் இணையத்தில் கிடைக்கிறதே, அதைப் பார்க்க அவ்வளவு செலவு செய்து போகவேண்டுமா?" என்று கேட்கிறார். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய என் கொள்ளுப்பாட்டியின் பயணத்தை ஒரு படவரிசையாக வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். இந்த நிலையில் நான் போகலாமா? போனால் அந்த மூன்றரை மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

போங்கள். உங்கள் பேராசிரியரின் கவலையும் உங்கள் தந்தையின் கேள்வியும் நியாயமானவை என்றாலும், இரண்டுக்கும் பதில் அந்த நகரத்திலேயே இருக்கிறது என்று நம்புவதால் தயக்கமின்றி இதைச் சொல்கிறேன். ஆனால் போவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய சில வேலைகள் உண்டு. போனபின் எதையெல்லாம் செய்யாமல் விடுவது என்பதையும் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் தந்தையின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குத் திருப்தியான பதில் இல்லாவிட்டால் இந்தப் பயணத்துக்கே பொருளில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் 1963இல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரம். அதன் புகைப்படத்தை அப்பாவிடம் காட்டினால் கறுப்புச் சதுரம் ஒன்றைத் தவிர அவர் எதையும் காணமாட்டார். அது அவர் பிழையன்று, படத்தில் இருப்பதே அவ்வளவுதான். அசலின் முன் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால், முதலில் ஒன்றும் தெரியாது. கண் அந்த இருட்டுக்குப் பழகியபின், நீலச் சாயல் கொண்ட கறுப்பு, சிவப்புச் சாயல் கொண்ட கறுப்பு, பச்சைச் சாயல் கொண்ட கறுப்பு என்று ஒன்பது சதுரங்கள் மெல்ல மேலெழும்பி, நடுவே ஒரு சிலுவை வடிவம் பிரிந்து தெரியும். மேற்பரப்பில் துளியும் பளபளப்பு இருக்கக்கூடாது என்பதற்காக வண்ணத்திலிருந்து எண்ணெயை வடித்தெடுத்து அவர் பயன்படுத்தினார். 1960 முதல் 1967இல் இறக்கும்வரை அதே ஐந்தடிச் சதுரத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். கண்ணும் கேன்வாஸும் ஒரே அறையில் இருந்தால் மட்டுமே நிகழக்கூடிய ஒன்றை அவர் செய்திருக்கிறார். எந்தத் திரையிலும் அது வந்து சேராது.

இது ஒரு தீவிரமான உதாரணம் என்று அப்பா சொன்னால், அளவைப் பற்றிப் பேசுங்கள். அதே அருங்காட்சியகத்தில் உள்ள ஜாக்சன் பொல்லாக்கின் 1950ஆம் ஆண்டு ஓவியமான 'ஒன்று: எண் 31' ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமானது. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள வெர்மீரின் 'தண்ணீர்க் குவளையுடன் இளம்பெண்' அரை மீட்டரைக்கூட எட்டாது. கைப்பேசியில் இரண்டும் ஒரே அளவுதான். ஒன்றின் முன் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும், மற்றொன்றுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு அருகில் போகவேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரு படவரிசைக்கு அளவைத் தீர்மானிக்க முடியாது, உங்கள் முன்னே இப்போது நிற்கும் முதல் முடிவோ அதுதான்.

இனி, போவதற்கு முன் முடிக்க வேண்டியவை. எஃப்-1 விசாவில் இருப்பதால் உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படிப்போடு இணைந்த இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. எனப்படும் அனுமதி தேவை. முழு ஒரு கல்வியாண்டு படித்து முடித்தவர்க்கே பொதுவாக அது கிடைக்கும் என்பதால் மூன்றாம் ஆண்டில் உங்களுக்குத் தடை இராது. ஆனால் வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே, எந்த இடத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு, அது உங்கள் ஐ-20 படிவத்தில், அதாவது கல்லூரி தரும் மாணவர் சான்றுப் படிவத்தில், பதிவாகியிருக்க வேண்டும். ஊதியம் இல்லாத இன்டர்ன்ஷிப்தானே என்று அலுவலகத்தைக் கேட்காமல் தொடங்கிவிடாதீர்கள். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி இதனால் குறைந்துபோகுமோ என்ற அச்சமும் பலருக்கு உண்டு, முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தை எட்டினால்தான் அந்த உரிமை போகும், ஒரு செமஸ்டரால் போகாது. அந்தச் செமஸ்டரிலும் நீங்கள் முழுநேர மாணவியாக, அதாவது குறைந்தது 12 கிரெடிட்டுகளில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவற்றில் எத்தனை உங்கள் ஓவியப் பாடத்திட்டத்துக்குள் வரும், எத்தனை வெறும் விருப்பப் பாடமாக எண்ணப்படும் என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிப் போய், திரும்பி வந்தபின் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேர்ந்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

அறை விஷயத்தில் கல்லூரியோ நிகழ்ச்சியை நடத்துபவர்களோ தங்குமிடம் தந்தால், அது சற்றுச் சிறியதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியே தேடினால், மாத வாடகையைப் போல் நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் காட்டும்படி நியூயார்க் வீட்டுக்காரர்கள் கேட்பது வழக்கம், மாணவர் எவராலும் அதைக் காட்ட இயலாது. ஆகவே ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவரிடம் ஓர் அறையை மட்டும் சில மாதத்துக்கு எடுத்துக்கொள்வதே பெரும்பாலோர் வழி. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2019 முதல் மாநிலச் சட்டம் சொல்கிறது. அறையை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். இதில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன்: எவ்வளவு நல்ல படங்களை அனுப்பியிருந்தாலும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அனுப்பாதீர்கள்.

இலையுதிர்காலச் செமஸ்டரா, வசந்தகாலச் செமஸ்டரா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தால் இலையுதிர்காலத்தைச் சொல்வேன். கோடையில் மந்தமாக இருக்கும் கலைக்கூடங்கள் செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும், புதிய காட்சிகளோடு திறக்கும். அக்டோபரில் புரூக்ளினின் கோவானஸ் பகுதியில் ஓவியர்கள் தங்கள் ஸ்டூடியோக்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். வேலை செய்யும் இடத்தை, தரையில் சிந்திய வண்ணத்தை, சுவரோரம் திருப்பிச் சாய்த்துவைத்த முடியாத படங்களைக் காண அதைவிட எளிய வழி இல்லை.

இன்டர்ன்ஷிப்பைத் தேர்வதில் பெயருக்கு மயங்காதீர்கள் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மாணவப் பருவத்தில் நானும் இப்படி ஒரு செமஸ்டர் அதே நகரத்தில் இருந்தேன். எல்லோரும் அறிந்த ஒரு கலைக்கூடத்தில் இடம் கிடைத்ததும் பெருமை தாங்கவில்லை. பதினான்கு வாரமும் பின்னறையில் உறைகளுக்கு முகவரி ஒட்டியதுதான் மிச்சம்; சுவரில் தொங்கிய ஓவியங்களின் பின்பக்கத்தைக்கூட நான் பார்க்கவில்லை. என்னோடு தங்கியிருந்த தோழியோ அதிகம் பேர் அறியாத ஓர் ஓவியரின் ஸ்டூடியோவில் தூரிகை கழுவினார். சட்டத்தில் கேன்வாஸை இழுத்துக் கட்டுவது, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்ப்பது, காய்ந்த படத்தை உறையிட்டுப் பெட்டியில் அடைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்தன. அந்த ஓவியர் ஒரு படத்தை மூன்று வாரம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு எடுத்து ஒரே நாளில் முடித்ததையும் தோழி கண்ணால் கண்டார். எது வேலை, எது காத்திருப்பு என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்ள முடியும். ஆகவே நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: ஒரு சாதாரண நாளில் நான் என்னென்ன செய்வேன், யார் பக்கத்தில் இருப்பேன், என் வேலைகளை மாதம் ஒருமுறையாவது பார்த்துப் பேச யாராவது இருப்பார்களா என்று. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடமன்று.

நகரம் சென்றதும் முதல் நாளே நியூயார்க் பொது நூலகத்தின் அட்டையை வாங்கிவிடுங்கள். மாநிலத்தில் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் எவருக்கும் அது இலவசம். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் நியூயார்க் மாநிலத்தவருக்கு விரும்பியதைக் கொடுத்து நுழையும் வசதியைத் தருகிறது, மாநிலத்தில் வசிப்பதற்கான சான்றுகளில் நூலக அட்டையும் ஒன்று. விட்னி அருங்காட்சியகத்தில் 25 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வெள்ளி மாலை மாநிலத்தவருக்கு இலவசம். மன்ஹாட்டனின் செல்சி பகுதியில் பத்தாவது, பதினொன்றாவது அவென்யூக்களுக்கு இடையே வரிசையாக உள்ள கலைக்கூடங்களுக்குள் யாரும் பணமின்றி நுழையலாம்; பெரும்பாலானவை ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். உள்ளே யாரும் புன்னகைக்காவிட்டால் கூசாதீர்கள், நேராகப் படத்தினிடம் போங்கள்.

இவ்வளவும் கிடைக்கும்போதுதான் ஆபத்தும் வருகிறது. முதல் மாதம் நான் ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்களுக்கு ஓடினேன். இரவு படுக்கும்போது நினைவில் கால்வலி மட்டுமே இருந்தது. உங்களுக்கு நான் சொல்வது, அந்த நகரம் முழுவதிலும் ஐந்தாறு படைப்புகளை மட்டும் தேர்ந்து, அவற்றிடமே வாரந்தோறும் திரும்பிப் போங்கள் என்பதுதான். போகும்போதெல்லாம் பென்சிலும் சிறு ஸ்கெட்ச்புக்கும் கையில் இருக்கட்டும். மெட்ரோபாலிடனில் பென்சிலால் வரைய அனுமதி உண்டு, புதனன்று அது மூடியிருக்கும், வெள்ளியும் சனியும் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். அந்த இரு மாலைகளில் கூட்டம் கரைந்தபின் கிடைக்கும் கடைசி ஒரு மணி நேரம் பொன்னானது. படத்தைத் தொலைவிலிருந்து ஒரு முறை, நெருங்கி ஒரு முறை, கடைசியில் திரும்பி நின்று நினைவிலிருந்து ஒரு முறை வரையுங்கள். மூன்றாவது வரைவில் எது விடுபட்டதோ அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்த வாரம் அதைத் தேடிப் போங்கள்.

உங்கள் ஐந்தாறில் சிலவற்றை நான் பரிந்துரைக்கலாமா? ரெம்பிராண்ட் 1658இல் வரைந்த சுய உருவப்படம் ஐந்தாம் அவென்யூவும் 70ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள ஃப்ரிக் சேகரிப்பு என்னும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1660இல் வரைந்த மற்றொன்று அங்கிருந்து பன்னிரண்டு தெரு நடந்தால் வரும் மெட்ரோபாலிடனில் இருக்கிறது. முதலாவதில் கையில் கோலோடு அரசனைப் போல் அமர்ந்திருப்பவர், இரண்டாவதில் கன்னச் சதை தொங்க, நெற்றி சுருங்க, வெறும் மனிதராக நிற்கிறார். இடையே இரண்டே ஆண்டுகள். ஒரே நாளில் ஒன்றைப் பார்த்துவிட்டு நடந்துபோய் மற்றொன்றைப் பாருங்கள், மறுவாரம் அந்த வரிசையை மாற்றுங்கள். முதிய முகத்தை வரைய வேண்டிய உங்களுக்கு, வண்ணம் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று கண்டறிய இதைவிட நல்ல பாடம் நான் அறியேன். அதே மெட்ரோபாலிடனில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சோழர் காலப் பார்வதி வெண்கலம் ஒன்றும் இருக்கிறது. கோயிலில் பட்டும் மாலையும் மூடிய நிலையிலேயே நாம் கண்டு பழகிய உடல்வளைவை, அங்கே எதுவும் மறைக்காமல் இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வரையலாம். நம் தெய்வம் அவ்வளவு தொலைவில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் நடுவே நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தைப் பிசைகிறது. ஆனாலும் அந்தக் கோட்டை நான் அங்கேதான் கற்றேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் கொள்ளுப்பாட்டி பற்றிய வரியைப் படித்ததும் என் நினைவுக்கு முதலில் வந்தவர் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ். தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்ததை அவர் 1940-41இல் அறுபது பலகைகளில் வரைந்து முடித்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். அவர் பெற்றோரே அப்படிப் பெயர்ந்தவர்கள். ஹார்லெமில் வளர்ந்த அவர், 135ஆம் தெருவிலிருந்த பொது நூலகக் கிளையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த வரலாற்றைப் படித்தார். அந்தக் கிளையின் தொடர்ச்சியாகிய, கறுப்பின வரலாற்றுக்கான ஆய்வு நூலகமான ஷோம்பர்க் மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. ஒவ்வொரு பலகைக்கும் முதலில் தலைப்பு வாக்கியத்தை எழுதி, பிறகு அறுபதையும் ஒன்றாகப் பரப்பி, ஒரு நிறத்தைக் குழைத்து அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசி, அதன்பின் அடுத்த நிறத்துக்குப் போனார். அடர் நிறத்தில் தொடங்கி வெளிர் நிறத்தில் முடித்தார். அதனால்தான் அறுபது காட்சிகளும் ஒரே மூச்சில் சொன்ன கதையாக நிற்கின்றன. இரட்டைப்படை எண் கொண்ட முப்பது பலகைகள் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் உள்ளன, மற்ற முப்பது வாஷிங்டனில் உள்ள பிலிப்ஸ் சேகரிப்பு என்னும் அருங்காட்சியகத்தில். காட்சியில் எவை இருக்கின்றனவோ அவற்றின் முன் அமர்ந்து, ஒரே பழுப்பு எத்தனை பலகைகளில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். முகமே இல்லாத உருவங்கள் முதுகை மட்டும் காட்டி நடக்கும்போது, அவர்களின் களைப்பு எங்கிருந்து தெரிகிறது என்று பாருங்கள். நடந்தே வந்த ஒரு பெண்ணை வரைய முனையும் உங்களுக்கு அவர் ஆசிரியராக இருப்பார்.

லாரன்ஸைப் போல் நீங்களும் நூலகத்தில் சில நாட்களைச் செலவிடுங்கள். ஐந்தாம் அவென்யூவும் 42ஆம் தெருவும் சேரும் இடத்தில் உள்ள பெரிய நூலகக் கட்டடத்தில் படத் தொகுப்பு என்று ஒரு பகுதி உண்டு. 1915 முதல், நூல்களிலும் இதழ்களிலும் வெட்டியெடுத்த படங்களை ஆயிரக்கணக்கான தலைப்புகளில் கோப்புகளாகப் பிரித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காட்டுப்பாதை, மூட்டை, படகு, மழை என்று உங்களுக்கு வேண்டியதைக் கையால் புரட்டித் தேடலாம். தேடாத ஒன்று இடையில் கண்ணில் படுவதுதான் அதன் அருமை. கூடவே, இன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, கொள்ளுப்பாட்டியைப் பற்றி நினைவுள்ள பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதை நியூயார்க் போய்ச் சேரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் பேராசிரியரின் கவலை. கை நின்றுபோகும் என்பது மெய்யான ஆபத்து. வாரம் மூன்று நாள் வேலை, சுரங்க ரயில் பயணம், சிறிய அறை எல்லாம் சேர்ந்தால் வரைய மனமிருந்தும் இடமிராது. அதற்கு இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். ஒன்று, 57ஆம் தெருவில் உள்ள ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக். 1875இல் மாணவர்களே தொடங்கிய அந்தப் பள்ளியில் நுழைவுத் தேர்வு கிடையாது, மாதக் கணக்கில் பணம் கட்டிச் சேரலாம். ஜார்ஜியா ஓகீஃபும் பொல்லாக்கும் அங்கே பயின்றவர்கள். வாரம் ஓரிரு முறை மாடலை நேரில் வைத்து வரைந்தால் கை துருப்பிடிக்காது. அதற்கான கட்டணத்தைப் பயணச் செலவோடு சேர்த்து இப்போதே கணக்கிட்டு அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், நடுவில் கேட்பது இருவருக்கும் சங்கடம்.

மற்றொன்று உங்கள் சொந்த வேலை. இதில் அளவுதான் எல்லாம். தைல வண்ணமும் டர்பென்டைனும் படுக்கும் அறைக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவைத்தாலும் ஆகாது. உடன் தங்குபவர்களின் மூச்சையும் எண்ணிப் பாருங்கள். தண்ணீரில் கரையும் வண்ணம் எதையாவது தேர்ந்துகொள்ளுங்கள். லாரன்ஸ் பயன்படுத்தியது பாலிலிருந்து எடுக்கும் கேசீனைப் பிணைப்பாகக் கொண்ட டெம்பரா, அவர் வரைந்தது கடினமான அட்டைப்பலகையின் மேல். ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு 46 சென்டிமீட்டர். அந்த அளவில் பலகைகள் இருபதை அறுத்து, அடிப்பூச்சுப் பூசி, ஓஹாயோவிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மேசை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டு பலகை அதில் பரப்பலாம், மற்றவற்றைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்து ஒரே நிறத்தை எல்லாவற்றிலும் கொண்டுபோகலாம். எத்தனை முடியும் என்று உங்கள் பேராசிரியரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அவற்றைப் படமெடுத்து அனுப்பி அவர் கருத்தைக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், மாணவியின் வேலை தொடர்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். டிசம்பரில் திரும்பும்போது, இடையே மெழுகுத்தாள் வைத்து அடுக்கினால் இருபதும் ஒரே கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.